6 மி.மீ. தழும்பு, 16 செ.மீ. பாதை: முண்டக்கை – சூரல்மலையை டோப்போஷீட்டில் படித்தல்

2024 ஜூலை 30. நள்ளிரவு தாண்டி, விடிவதற்கு முன், வயநாட்டில் மேப்பாடிக்குத் தெற்கே மலை உடைந்தது. புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை என்று, ஓடை இறங்கும் வரிசையிலேயே ஊர்கள் போயின. 250க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பல உடல்கள் கீழே மலப்புறம் மாவட்டத்தில், நிலம்பூர் பக்கம் சாலியாற்றில் கிடைத்தன. தோட்டத்துப் பாடிகளில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், அன்றிரவு தூங்கிக்கொண்டிருந்தவர்களில், தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து தேயிலை பறிக்கப் போன குடும்பங்களும் உண்டு.

ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் மறுநாள் எடுத்த செயற்கைக்கோள் படங்களிலிருந்து மூன்று எண்களை வெளியிட்டது. சரிவின் உச்சி கடல்மட்டத்துக்கு மேல் 1550 மீட்டரில் இருந்தது. பிய்ந்து வந்த இடத்தின் பரப்பு 86,000 சதுர மீட்டர். பாறையும் மரமும் சேறும் கலந்த வெள்ளம் ஓடிய தூரம் சுமார் 8 கிலோமீட்டர். இந்த ஆய்வில் வருவதெல்லாம் இந்த மூன்று எண்களை 1:50,000 அளவு டோப்போஷீட்டில், அதாவது நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடுகளால் காட்டும் நில அளவை வரைபடத்தில், வைத்துப் பார்ப்பதுதான்.

அந்தத் தாளில் 1 செ.மீ. என்பது தரையில் 500 மீட்டர்; 1 சதுர செ.மீ. என்பது 2,50,000 சதுர மீட்டர். அப்படியானால் 86,000 சதுர மீட்டர் என்பது 0.34 சதுர செ.மீ.; பக்கத்துக்கு 6 மி.மீ. கூட வராத ஒரு சதுரம், சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. அதிலிருந்து கிளம்பிய பாதையோ 16 செ.மீ. நீளம், ஏறக்குறைய ஓர் எழுதுகோலின் நீளம். ஊர் இருக்கும் இடத்தில் விரலை வைத்து, "இங்கே சரிவு அதிகமில்லை, பயமில்லை" என்று சொல்கிறவர், அந்த விரலுக்கு ஒரு சாண் மேலே இருக்கும் பொத்தானளவு இடத்தைப் பார்ப்பதே இல்லை. மலைநாட்டில் நடக்கும் வரைபட வாசிப்புத் தவறுகளில் முதலாவது இதுதான்: வீட்டடியில் உள்ள சரிவைப் படிக்கிறோம், வீட்டுக்கு வரும் ஓடையைப் படிப்பதில்லை.

தாளைத் தேடி எடுப்பது

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள் ஒவ்வொன்றும் 15 கலை அட்சம், 15 கலை தீர்க்கம் கொண்ட கட்டம் (60 கலை ஒரு பாகை). பழைய எண்முறையில் 58 என்ற பெருந்தாள் வடக்கு 8 முதல் 12 பாகை வரை, கிழக்கு 76 முதல் 80 பாகை வரை. அதை ஒரு பாகைச் சதுரங்களாகப் பதினாறாக வெட்டி, வடமேற்கு மூலையிலிருந்து மேலிருந்து கீழாக ஏ, பி, சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 58ஏ என்றால் 11–12 வடக்கு, 76–77 கிழக்கு. அதையும் அதே முறையில் பதினாறாக வெட்டினால் 1 முதல் 16 வரை. எண்கள் இடமிருந்து வலமாகப் போவதில்லை, மேலிருந்து கீழாகப் போகின்றன. தவறான தாளை எடுத்து வருவதற்கு இந்தக் குழப்பமே பெரும்பாலும் காரணம். புஞ்சிரிமட்டம் 11°28′ வடக்கு, 76°08′ கிழக்கை ஒட்டி இருக்கிறது. இடமிருந்து முதல் நெடுவரிசை, மேலிருந்து மூன்றாவது கட்டம்: 58ஏ/3. பொதுமக்களுக்காக வெளியிடப்படும் புதிய திறந்த வரிசைத் தாள்களில் அதே கட்டம் சி43க்யூ3 என்று வரும்.

சூரல்மலை 11°30′ கோட்டை ஒட்டி இருக்கிறது. அதுதான் தாளின் மேல் விளிம்பு. அதாவது ஓடை பிறக்கும் இடம் ஒரு தாளிலும், அது ஊரைத் தாண்டும் இடம் அடுத்த தாளின் ஓரத்திலும் விழலாம். 58ஏ/2ஐ மட்டும் மேசையில் விரித்து மேப்பாடிப் பகுதியைப் பார்ப்பவருக்குத் தெற்கே என்ன இருக்கிறதென்று தெரியாது. ஊர் விளிம்பிலிருந்து 10 செ.மீ.க்குள் இருந்தால் பக்கத்துத் தாளையும் எடுத்து ஒட்டியே ஆக வேண்டும். ஒட்டும்போது இரண்டு தாள்களின் தடித்த சமவுயரக் கோடுகளும் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) ஒன்றையொன்று சந்திக்கின்றனவா என்று பாருங்கள். அட்ச தீர்க்கத்தைக் கணக்கிடும் அடிப்படை இரண்டிலும் வேறாக, ஒரு தாள் பழைய எவரெஸ்ட் முறையிலும் மற்றது டபிள்யூஜிஎஸ்84 முறையிலும் இருந்தால் சந்திக்காது. அப்போது ஆயத்தொலைவை வைத்து ஒட்டாமல், ஓடைகளின் கூடலையும் சாலை முனையையும் வைத்து ஒட்டுங்கள்.

திறந்த வரிசைத் தாள்களை இணையத்திலிருந்து பிடிஎஃபாக இறக்கி அச்சிடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். பிரிண்டரில் "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வு இருந்தால் தாள் சுருங்கிவிடும். ஓரத்தில் 1:50,000 என்று மட்டும் அப்படியே நிற்கும். அளந்து பார்ப்பது ஒரு நிமிட வேலை. அளவுகோலில் 1 கி.மீ. சரியாக 2 செ.மீ. வர வேண்டும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் கட்டத்தின் உயரத்தை அளவிடலாம்: இந்த அட்சத்தில் 15 கலை சுமார் 27.65 கி.மீ., தாளில் 55.3 செ.மீ. இது 50 செ.மீ. என்று வந்தால் உங்கள் சரிவுக் கணக்கு முழுவதும் தவறு.

தடித்த கோட்டுக்கும் தடித்த கோட்டுக்கும் நடுவே

இந்தத் தாள்களில் சமவுயரக் கோடுகள் பழுப்பு நிறம். இடைவெளி 20 மீட்டர். ஐந்தாவது கோடு ஒவ்வொன்றும் தடித்தது. ஆகவே தடித்த கோட்டிலிருந்து அடுத்த தடித்த கோட்டுக்கு 100 மீட்டர் ஏற்றம். தாளில் 1 மி.மீ. தரையில் 50 மீட்டர். இதிலிருந்து மனதிலேயே போடக்கூடிய கணக்கு ஒன்று கிடைக்கிறது: 2 என்ற எண்ணை, அடுத்தடுத்த தடித்த கோடுகளுக்கு நடுவே உள்ள மில்லிமீட்டரால் வகுத்தால் சரிவு விகிதம் வந்துவிடும்.

10 மி.மீ. என்றால் 0.2, அதாவது 11 பாகை. 5 மி.மீ. என்றால் 0.4, சுமார் 22 பாகை. 4 மி.மீ.க்கு 27, 3 மி.மீ.க்கு 34. 2 மி.மீ. என்றால் 45 பாகை. அங்கே மண்ணைவிடப் பாறைதான் அதிகம் இருக்கும். 20 மி.மீ. விரிந்திருந்தால் 6 பாகைக்கும் கீழே.

அளக்கும்போது நடக்கும் தவறுகளில் இரண்டு முக்கியம். முதலாவது, கோட்டுக்குச் செங்குத்தாக அளக்காமல், நடைபாதை போகும் சாய்வில் அளப்பது. பாதை வளைந்து ஏறுவதால் 30 பாகைச் சரிவு 15 ஆகத் தெரியும். இரண்டாவது, ஒரே ஒரு மெல்லிய இடைவெளியை அளந்து முடிவுக்கு வருவது. அச்சுக் கோட்டின் தடிமனே 0.2 மி.மீ. வரை இருக்கும், அது தரையில் 10 மீட்டர். மெல்லிய இடைவெளி 0.8 மி.மீ. மட்டுமே இருக்கும் இடத்தில் 0.2 பிழை என்பது கால் பங்கு. ஒரு காகிதத் துண்டின் விளிம்பை வைத்து, மூன்று தடித்த கோடுகளை ஒரே வீச்சில் குறித்து, இரண்டால் வகுத்துக்கொள்வது நல்லது.

மண்ணும் பாறையும் நீரோடு கலந்து இறங்கும் ஓட்டங்கள், மலையாளத்தில் உருள்பொட்டல் என்கிறார்களே, அவை பெரும்பாலும் 20 பாகைக்கு மேற்பட்ட சரிவில்தான் பிறக்கின்றன. தாளில் அது 5.5 மி.மீ.க்குக் குறைந்த இடைவெளி. மேற்குத் தொடர்ச்சி மலையின் எந்தத் தாளிலும் அப்படிப்பட்ட இடம் கணக்கற்றுக் கிடக்கும். அவை எல்லாவற்றையும் சிவப்பாக்கினால் வரைபடம் முழுக்கச் சிவப்பாகிவிடும், யாருக்கும் உபயோகமிருக்காது. சரிவோடு வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் இடம் சுருங்கும்.

நீலக்கோடு தொடங்குவதற்கு மேலே

சமவுயரக் கோடுகளின் முனை உயரமான எண்களை நோக்கிக் குத்தினால் பள்ளத்தாக்கு. தாழ்ந்த எண்களை நோக்கிக் குத்தினால் மலைமூக்கு, அதாவது மலையிலிருந்து நீண்டு இறங்கும் முதுகு. இது பள்ளிப்பாடம். ஆனால் பாடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீரோடைக் கோடு தாளில் எங்கே தொடங்க வேண்டும் என்பது வரைபவரின் தீர்மானம். அது தொடங்குவதற்கு மேலேயும் சமவுயரக் கோடுகளின் உள்வளைவு தொடரும். இரண்டு மூன்று மூக்குகளுக்கு நடுவே, கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்தாற்போல, கோடுகள் மெதுவாக உள்வாங்கி நிற்கும். ஓடையைக் காட்டும் நீலக் கோடும் இல்லை, கறுப்புக் கோடும் இல்லை. இங்கேதான் நூற்றாண்டுகளாக மண் சேர்ந்திருக்கும். பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி ஒரே புள்ளியை நோக்கிக் கூடும். ஓடை மண்ணை அரித்துக்கொண்டு போகாத இடம் என்பதால் அது தடிப்பாகவே நிற்கும், ஒருநாள் வரும் வரை.

முண்டக்கையின் உச்சி 1550 மீட்டர். தாளில் 1500 என்ற தடித்த கோட்டைப் பிடித்து மேலே இரண்டு மெல்லிய கோடுகள் எண்ணினால் 1540. அதற்கும் 1560க்கும் நடுவே. வாசிப்பு தலைகீழாக, ஊரிலிருந்து தொடங்க வேண்டும். சூரல்மலையில் பென்சிலை வைத்து, ஊர் வழியே இறங்கும் புன்னப்புழா ஆற்றின் கோட்டைப் பிடித்து மேலே போங்கள். கிளை பிரியும் இடங்களில் இரண்டையும் விடாமல் போக வேண்டும். கோடு நின்றுபோனாலும் பென்சில் நிற்கக்கூடாது. உள்வளைவின் நடுவழியே மழைநீர் இரு பக்கமாகப் பிரியும் நீர்ப்பிரிமுகடு வரை போக வேண்டும். அப்படிப் போனால் ஒவ்வொரு கிளையின் தலையிலும் ஒரு கிண்ணம் கிடைக்கும். அதில் தடித்த கோடுகளின் இடைவெளி 5.5 மி.மீ.க்குக் குறைவா என்று பாருங்கள். ஆம் என்றால் அதை மட்டும் நிழலிடுங்கள். இவ்வளவுதான். ஒரு ஊருக்கு மேலே இப்படிப் பொதுவாக ஐந்தாறு கிண்ணங்கள் மிஞ்சும். அவை கையில் பிடிக்கக்கூடிய எண்ணிக்கை.

கறுப்பு ஓடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் டோப்போஷீட்டுகளில் நீர் இருக்கும் ஓடை நீலம், வறண்டது கறுப்பு. கள அளவை நடப்பது பெரும்பாலும் மழையில்லா மாதங்களில். ஆகவே ஜூலையில் காது அடைக்கும் சத்தத்தோடு ஓடுவது தாளில் மெல்லிய கறுப்புக் கோடாக, நடைபாதை போலக் கிடக்கும். கறுப்பு என்பதால் அதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. உருள்பொட்டலுக்கு நீலமும் கறுப்பும் ஒன்றுதான்.

ஊர் ஏன் அங்கே இருக்கிறது

மலைச்சரிவில் கோடுகள் நெருங்கி வந்துகொண்டிருக்கும்போதே, ஓடை திறந்த வெளிக்கு வரும் வாயில் சட்டென்று விரியும். விரிவதோடு, கோடுகள் வெளிப்பக்கமாக, விசிறி போல வளைந்து நிற்கும். பள்ளத்தாக்கில் உள்ளே குத்த வேண்டிய கோடு இங்கே வெளியே புடைத்திருக்கிறதே என்று ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். அது பழைய உருள்பொட்டல்கள் கொட்டிப் போன மண். சமதளம், நல்ல மண், பக்கத்திலேயே தண்ணீர், சாலை போடச் செலவு குறைவு. வீடுகள் வருவதற்கு வேறென்ன வேண்டும்? தாளில் வீடுகளைக் குறிக்கும் சிவப்புச் சதுரங்கள் கூட்டமாக இருக்கும் இடத்தை எடுத்துப் பார்த்தால், மலைநாட்டில் பல இப்படித்தான் இருக்கும். ஊர்க்காரர்களின் அறியாமை என்று இதைச் சொல்ல முடியாது. தட்டையான நிலம் அங்கே மட்டும்தான் இருந்தது.

முண்டக்கையில் பழைய சாட்சியும் இருந்தது. 1984 ஜூலையில் அங்கே நடந்த உருள்பொட்டலில் 14 பேர் இறந்தார்கள். சில கிலோமீட்டர் தள்ளி புத்துமலையில் 2019 ஆகஸ்ட் 8 அன்று 17 பேர். 2023 மே மாதத்துச் செயற்கைக்கோள் படத்திலேயே, 2024இல் உடைந்த அதே இடத்தில் ஒரு பழைய சரிவின் தழும்பு தெரிந்ததைத் தேசியத் தொலையுணர்வு மையம் சுட்டிக்காட்டியது. அந்தத் தழும்பை 1:50,000 தாள் காட்டாது. ஆனால் நிழலிட்ட ஐந்தாறு கிண்ணங்களை எடுத்துக்கொண்டு படத்தில் தேடினால், தேடும் பரப்பு நூறு சதுர கிலோமீட்டரிலிருந்து ஓரிரண்டாகச் சுருங்கும். தாளும் படமும் அப்படித்தான் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

எங்கே நிற்கும் என்ற கணக்கு

இந்த நிகழ்வில் நாம் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. பொதுவாகச் சொல்லப்படும் விதி: சரிவு 10 பாகைக்குக் கீழே வந்தால் ஓட்டம் தன் சுமையை இறக்கத் தொடங்கும். தாளில், தடித்த கோடுகள் ஒரு செ.மீ.க்கு மேல் விரியும் இடம். இந்த விதி திறந்த சரிவில் ஓரளவு சரியாக வரும். சூரல்மலையில் வராது.

உச்சி 1550. 8 கி.மீ. பாதையில் 700–800 மீட்டர் இறக்கம் என்று எடுத்துக்கொண்டால் மொத்த விகிதம் 0.09 முதல் 0.1, சராசரிச் சரிவு 5 முதல் 6 பாகைக்குள். 10 பாகை விதியை நம்பியிருந்தால், ஓட்டம் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும் என்று கணக்குச் சொல்லியிருக்கும்.

விதி ஏன் பொய்த்தது? இரண்டு காரணங்களும் தாளில் தெரிகிற வகையைச் சேர்ந்தவை. ஒன்று, ஓட்டம் விரிந்து பரவ இடமில்லாத குறுகிய வாய்க்காலுக்குள் போனது. கோடுகள் இரு பக்கமும் ஓடையை நெருக்கிக்கொண்டு வந்தால், பரவி மெலிவதற்குப் பதில் ஆழம் கூடும், வேகம் குறையாது. போகிற வழியில் கரையையும் பாறையையும் மரத்தையும் தின்று பெரிதாகிக்கொண்டே போகும். ஆற்றின் போக்கை அது அகலமாக்கிக் கரைகளை உடைத்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. இரண்டு, அடைப்பு. மேலிருந்து வந்த மரமும் பாறையும் குறுகிய இடத்தில் சிக்கித் தேங்கி, பின் அணை உடைந்ததைப் போல ஒரே மூச்சில் வந்ததும் சேதத்தைக் கூட்டியது என்று களம் பார்த்த வல்லுநர்கள் சொன்னார்கள். அன்று 48 மணி நேரத்தில் 572 மி.மீ. மழை பெய்திருந்தது, தேங்க நீருக்குப் பஞ்சமில்லை.

அடைப்பு வரக்கூடிய இடத்தைத் தாளில் இப்படிக் காணலாம். ஓடையின் இருபுறமும் கோடுகள் சற்று விலகி ஒரு சிறு வயிறு போல விரிந்து, உடனே கீழே இரண்டு மூக்குகள் எதிரெதிரே வந்து ஓடையை இறுக்கும். ஒரே உயரமுள்ள இரண்டு கோடுகள், உதாரணமாக இரு கரையின் 1000, ஒன்றையொன்று 2 மி.மீ.க்குள் நெருங்கினால் அங்கே கழுத்து 100 மீட்டர்தான். அதற்கு மேல் வயிறு, கீழே ஊர் என்ற வரிசை அமைந்தால், 10 பாகை விதியை மறந்துவிட்டு ஓடையோரம் முழுவதையும் பாதையாகவே எடுங்கள்.

இதை நீளவெட்டு முகமாக, அதாவது ஓடை இறங்குவதைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும் படமாக, வரைந்தால் கண்ணுக்கு இன்னும் தெளிவாகும். ஒரு நூலை ஓடையின் மேல் வளைவு வளைவாக வைத்து, தடித்த கோடு குறுக்கிடும் ஒவ்வொரு இடத்திலும் நூலில் புள்ளி வையுங்கள். நூலை நீட்டி வரைதாளில் வைத்து, உயரத்துக்கு 1 செ.மீ. = 200 மீட்டர் என்று எடுத்தால் உயரம் நீளத்தைவிட 2.5 மடங்கு மிகையாகத் தெரியும். அதற்கு மேல் மிகைப்படுத்தினால் எல்லா ஓடையும் அருவி போலத் தெரியும், வேறுபாடு மறைந்துவிடும்.

20 மீட்டருக்குள் மறைவது

ஓடைக்கும் அதை அடுத்த முதல் சமவுயரக் கோட்டுக்கும் நடுவே நிற்கும் வீடு, ஓடைப்படுகையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருக்கலாம், 18 மீட்டரிலும் இருக்கலாம். தாளில் இரண்டும் ஒன்றே. வாழ்வும் சாவும் முடிவாகும் அந்த 15 மீட்டர் ஒரே இடைவெளிக்குள் மறைந்துகிடக்கிறது. கோட்டின் உயரமும் பொதுவாக அரை இடைவெளி வரை, அதாவது 10 மீட்டர் வரை, தவறலாம். எனவே ஓடைக்கும் முதல் கோட்டுக்கும் நடுவே உள்ள எல்லாவற்றையும் எட்டும் தூரத்தில் இருப்பதாகவே கொள்ள வேண்டும். ஓடை வளையும் இடங்களில் வெளிப்புறக் கரையில் இரண்டாவது கோடு வரை. கனமான ஓட்டம் வளைவில் வெளிப்பக்கமாக ஏறிப் போகும்.

இதைச் சரிக்கட்ட, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் உள்ள செயற்கைக்கோள் உயரத் தரவிலிருந்து கணினியில் 5 மீட்டர் கோடுகள் வரைந்துகொள்கிறார்கள். பார்க்க அழகாக, நுணுக்கமாக இருக்கும். ஆனால் தரவில் இல்லாத நுணுக்கம் கோட்டில் எப்படி வரும்? காட்டுப் பகுதியில் அந்தத் தரவு தரையைக் காட்டாமல் மரத்தலையைக் காட்டுவதும் உண்டு. காடு முடிந்து தேயிலை தொடங்கும் எல்லையில் இல்லாத ஒரு படிக்கட்டு முளைக்கும். ஓடைக்கு மேல் வீட்டின் உயரத்தை அறிய நேரில் போய் அளவுநாடாவும் நீர்மட்டக் குழாயும் வைத்து அளப்பதுதான் வழி. ஒரு ஊருக்கு அரைநாள் போதும்.

வெளியேறும் கோடு

தாளில் கடைசியாகப் போட வேண்டியது ஊரிலிருந்து வெளியேறும் வழி. சூரல்மலையில் பாலம் போனதும் முண்டக்கை துண்டானது. மீட்புக் குழுவினர் எளிதில் அக்கரை சேர முடியவில்லை. ராணுவப் பொறியாளர்கள் 190 அடி பெய்லி பாலத்தை (இரும்புத் துண்டுகளைப் பொருத்தி விரைவாகக் கட்டும் தற்காலிகப் பாலம்) ஆகஸ்ட் 1 அன்று முடித்த பிறகே கனரக வண்டிகள் போயின.

மலைச் சாலைகள் ஓடையோடு ஒட்டியே ஏறும், அதைப் பலமுறை கடக்கும். இரவு மழையில் ஊரை விட்டு ஓட நினைப்பவர் கால் போவதும் அந்தச் சாலையில்தான். எனவே ஒவ்வொரு வீட்டுக் கூட்டத்திலிருந்தும் ஓடையையோ அதன் கறுப்புக் கிளைகளையோ ஒருமுறைகூடத் தாண்டாமல் பக்கவாட்டில் அருகிலுள்ள மலைமூக்கின் மேல் ஏறும் கோட்டைத் தேடுங்கள். கோடுகள் தாழ்ந்த எண்ணை நோக்கிப் புடைத்திருக்கும் முதுகு அது. ஓடையிலிருந்து இரண்டு முழு இடைவெளி, அதாவது 40 மீட்டர் ஏறும் வரை பென்சிலை எடுக்காதீர்கள். அந்த முதுகுக்கு நேர் மேலே நிழலிட்ட கிண்ணம் ஏதும் இல்லையென்று மறுபடி பாருங்கள். கோட்டின் நீளத்தை அளந்து, 1 செ.மீ.க்கு 500 மீட்டர் என்று தூரத்தை எழுதுங்கள். இருட்டில், மழையில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறும் நடைக்கு 100 மீட்டருக்கு ஐந்து நிமிடமாவது வைத்து, நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். அது 15 நிமிடத்தைத் தாண்டினால், அந்த வீடுகளில் இருப்பவர்களை மழை தொடங்கிய பின் எழுப்ப நினைக்கக்கூடாது. முன்தினம் பகலிலேயே நகர்த்த வேண்டியவர்கள் என்று தாளிலேயே குறித்துவிடுங்கள்.